எழுபது மணி நேரமும் எழுபது பேரும்

திருவாலங்காட்டை ஒட்டியிருக்கிறது பழையனூர். 'நீலிக்கண்ணீர்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த நீலியின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர். முற்பிறவிப் பகையைத் தீர்க்க ஒரு வணிகனைத் துரத்திக்கொண்டு வந்தவள், பழையனூர்ச் சபை முன்னால் நின்று அழுதாள். "இவர் என் கணவர், கைவிட்டு ஓடுகிறார்" என்றாள். இடுப்பில் இருந்த பிள்ளையும் அவனை அப்பா என்றது. அவன் மட்டும், இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று நடுங்கினான். சபையிலிருந்த வேளாளர் எழுபது பேரும் அவனைத் தேற்றினார்கள். உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு என்றார்கள். அவன் கையில் வைத்திருந்த மந்திர வாளை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஒரே வீட்டில் தங்க அனுப்பினார்கள். விடிந்தபோது வணிகன் உயிரோடு இல்லை. எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கினார்கள்.

சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு இருக்கும் அளவுக்குப் பழைய கதை இது. இதை நம்புவதா வேண்டாமா என்பது இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஆட்களிடம் 'எழுபது' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொடுத்த வாக்கு.

நாட்டின் மற்ற பகுதிகளில் 'எழுபது' என்றால் இப்போது வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து எத்தனை நேரம்தான் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டது பெரிய சர்ச்சையானது. அன்றிலிருந்து அலுவலகப் பேச்சு எல்லாம் மணிக்கணக்கிலேயே நடக்கிறது. எத்தனை மணிக்கு வந்தாய், எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய்?

என் வாதம் ஒன்றுதான். அலுவலக வேலையை அளக்கும் கோல் மணி அல்ல, வாக்கு. இன்ன தேதிக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்னதும், அதன்படி முடித்ததும்தான் கணக்கு. அந்த வகையில் எழுபது மணி நேரத்தைவிட எழுபது பேரின் கதையில்தான் நமக்குப் பாடம் அதிகம்.

வண்டி பிடிப்பவரும் விளக்கு அணைப்பவரும்

சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், அரக்கோணம் தடத்தில் இருக்கிறது திருவாலங்காடு ரயில் நிலையம். மணவூருக்கு அடுத்தது, மோசூருக்கு முந்தையது. காலை மின்சார ரயிலில் ஏறினால் தமிழ்நாட்டின் எல்லா வகை உத்தியோகத்தையும் ஒரே பெட்டியில் பார்த்துவிடலாம். கலெக்டர் ஆபீஸ் எழுத்தர் திருவள்ளூரில் இறங்கிக்கொள்வார். வங்கி ஊழியர், துணிக்கடை விற்பனையாளர், ஐ.டி. கம்பெனி இளைஞர், ஆஸ்பத்திரி துப்புரவுப் பெண் எல்லாரும் சென்னை வரை போவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தப் பெட்டியில் இல்லை. அவர்களைக் கம்பெனி பஸ் கொண்டுபோய்விடும். பல ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை பற்றிய மாறுபட்ட கருத்துகளைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு கட்சி வண்டி பிடிப்பவர்கள் கட்சி. தமிழக அரசு அலுவலகங்களுக்குக் காலை 10 மணி முதல் மாலை 5.45 வரை வேலை நேரம். அது முடிந்த நிமிடம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். விட்டால் அடுத்த வண்டி. அடுத்த வண்டி என்றால் வீட்டில் பிள்ளை தூங்கிப்போயிருக்கும். மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு, டீக்கு வெளியே போகாமல், வண்டியை மனத்தில் வைத்து வேலையை முடிப்பார்கள். திரும்பும் வழியில் பெண்கள் மடியில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்வதைப் பார்க்கலாம். அவர்களுக்கு அடுத்த ஷிப்ட் பெட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொரு கட்சி, கடைசியாக விளக்கு அணைத்துவிட்டு வருகிறவர்கள். "ஆபீசர் உள்ளே இருக்கும்போது நாம எப்படிக் கிளம்புறது?" என்பது அவர்கள் கேள்வி. காலையில் மெதுவாக வருவார்கள். பதினொரு மணிக்கு டீ, மூன்றரைக்கு வடை. ஐந்து மணிக்குமேல்தான் கோப்பைப் பிரிப்பார்கள். எட்டு மணிக்கு அலுவலகத்தில் விளக்கு எரிந்தால் அது அவர்கள் மேசை விளக்குதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மேலதிகாரி தினமும் ஐந்தரை மணிக்குத்தான் ஆளைக் கூப்பிட்டு அன்றைய வேலையைக் கேட்பார். காலை முழுக்க அவரும் சும்மாதான் இருந்தார். எட்டு மணி வரை இருந்தவர்களுக்குக் 'கடும் உழைப்பாளி' என்று பெயர். வண்டி பிடிக்க ஓடியவர்களுக்குப் 'பொறுப்பில்லாதவர்' என்று பெயர். யாருடைய மேசையில் கோப்பு குறைவாகத் தேங்கியிருக்கிறது என்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது கட்சியையும் சொல்லியாக வேண்டும். 'கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட்ல மேய்க்கணும்' என்று வளர்ந்த கட்சி. சீட்டில் கோட்டு தொங்கும், ஆள் இருக்க மாட்டார். காலையில் விரலை வைத்துப் பதிவு செய்துவிட்டு நிலம் விற்க, சீட்டுப் பணம் வசூலிக்கப் போய்விடுவார். ஓபி அடிப்பதில் கைதேர்ந்தவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். தனியாரில் இவர்கள் இல்லை என்று நினைப்பது தவறு. அங்கே கணினித் திரை அணையாமல் இருக்க மவுஸை அவ்வப்போது அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்வைக்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டாவது கட்சியும் மூன்றாவது கட்சியும் ஒரே குட்டையில் ஊறியவை. அலுவலகம் அளப்பது இருப்பைத்தான் என்பதை இரண்டும் கண்டுகொண்டன. ஒருவர் இருந்து காட்டுகிறார். இன்னொருவர் இருந்ததாகக் காட்டுகிறார்.

துரை வாசல்

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். அது தொடங்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் புத்தாண்டன்று உத்தியோகஸ்தர்கள் பழமும் மாலையுமாகத் துரை வீட்டு வாசலில் காத்துக்கிடப்பார்கள். அதைப் பார்த்து மனம் வருந்திய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அந்த நாளில் தணிகைத் துரையை வந்து பாருங்கள் என்று அடியார்களைத் திரட்டி மலையேறினார் என்று சொல்வார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது. மலையில் கூட்டம் பெருகிவிட்டது, உண்மைதான். ஆனால் துரை வாசலிலும் கூட்டம் குறையவில்லை. துரையின் கண்ணில் படுவதையே உழைப்பாக எண்ணும் பழக்கம், துரை கப்பலேறிய பிறகும் நம் நாற்காலிகளில் தங்கிவிட்டது.

எண்ண முடிந்ததை எண்ணுகிறோம்

இருப்பை அளந்தால் இருப்பு மட்டுமே கிடைக்கும். இதற்கு நூறு நாள் வேலைத் திட்டமே நல்ல சாட்சி. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், வேலைக்கு வந்தவர்களை ஒரு கைப்பேசிச் செயலியில் காலையும் பிற்பகலும் படம்பிடித்து ஏற்ற வேண்டும் என்று விதி வந்தது. 2021இல் அறிமுகமாகி, 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. போலி வருகையை ஒழிப்பதுதான் நோக்கம். சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் வேலை செய்த பெண்கள் பலர் படம் ஏறாததால் கூலி தவறுமோ என்று பதறினார்கள். மறுபக்கம், 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பழைய படத்தையே மறுபடி படம்பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று அதில் பட்டியல் போட்டிருந்தது. ஏமாற்ற நினைத்தவருக்கு வழி கிடைத்தது. மண் சுமந்தவருக்குத் தொல்லை கிடைத்தது. வெட்டிய குழியை அளந்து கூலி போடுவது இந்தத் திட்டத்தின் அடிப்படையிலேயே இருந்த முறை. குழியை அளப்பது கஷ்டம், முகத்தை எண்ணுவது சுலபம். அதனால் முகத்தை எண்ணினோம்.

அலுவலகத்திலும் இதே கதைதான். கைரேகைக் கருவி, முகப்பதிவு, 'லாகின் ஹவர்ஸ்' என்று வாசலில்தான் காவல் பலமாக இருக்கிறது. உள்ளே நடப்பதைக் காட்டும் கருவி நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதன் பெயர் தன்பதிவேடு.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் ந.க. எண் போட்டு, வந்த தேதி, என்ன நடவடிக்கை, யாருக்குப் போனது, எப்போது முடிந்தது என்று ஒவ்வோர் எழுத்தரும் தன் பெயரில் பராமரிக்க வேண்டிய பதிவேடு அது. மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி டாட்டன்ஹாம் வகுத்த அலுவலக நடைமுறையின் வழிவந்தது. மாநிலங்கள் பிரிந்த பிறகும் ஆந்திரத்தில் இன்னும் 'டாட்டன்ஹாம் முறை' என்றே அதைச் சொல்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணியும் அந்தப் பக்கம் நகரியும் மொழியில் பிரிந்தன, பதிவேட்டில் பிரியவில்லை. அதை ஒழுங்காக எழுதி, மேலாளர் ஒழுங்காகப் பார்த்தால், எந்த மேசையில் எந்தக் காகிதம் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பது கண்ணாடிபோல் தெரியும். பல இடங்களில் அது தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாக எழுதப்படுகிறது. வருகைப் பதிவேட்டை மட்டும் தினமும் பத்து மணிக்கே பார்த்துவிடுகிறோம்.

நீட்டினால் விளையுமா?

நேரத்தை நீட்டினால் விளைச்சல் பெருகும் என்பவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரவைப் பருவத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். வெட்டிய கரும்பு ஆலை நேரத்துக்குக் காத்திருக்காது. ஒரு நாளைக்குமேல் கிடந்தால் எடையும் இறங்கும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். எனவே பருவத்தில் இரவு பகலாக அரைத்தாக வேண்டும். அங்கேகூட ஒரே ஆள் இரவு பகலாக நிற்பதில்லை. ஷிப்ட் மாறுகிறது. நீள வேண்டியது ஆலையின் நேரம்; ஆளின் நேரம் அல்ல.

ஆளின் நேரத்தை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரத்துக்குமேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். நீண்ட வேலை நேரத்தால் 2016இல் மட்டும் உலகில் சுமார் 7.45 லட்சம் பேர் இறந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. வேலைப்பளுவால் சாவதற்கு 'கரோஷி' என்று தனிச்சொல்லே வைத்திருந்த ஜப்பான், 2018இல் சட்டம் போட்டு மிகைநேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொதுவரம்பு கட்டியது. ஜெர்மனியில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 1,340 மணி நேரம் அளவில்தான் வேலை செய்கிறார். வளர்ந்த நாடுகளிலேயே குறைவான கணக்கு அது. அந்த நாடு செய்யும் கார்களைப் பற்றி யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

மணிக்கணக்குக்கும் வேலைக்கும் உள்ள உறவைப் பார்த்துச் சிரித்தவர் சி.நார்த்கோட் பார்க்கின்சன். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி வேலை ஊதிக்கொள்ளும் என்று 1955இல் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகம். 1914இல் 62 பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. 1928இல் இருபதுதான் மிச்சம். அதே காலத்தில் அலுவலக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறையக் காகிதம் கூடியது. ஐந்தரை மணிக்குக் கோப்பைப் பிரிக்கும் நம் நண்பரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பார்க்கின்சன் நினைவுக்கு வருவார். எட்டு மணி வரை நேரம் இருக்கிறது, எனவே வேலை எட்டு மணி வரை நீள்கிறது.

70, 90 என்று சொல்பவர்களின் கணக்கில் விழாத நேரம் ஒன்று உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுவதாகச் சொல்கிறது; ஆண்கள் 88 நிமிடங்கள். ஒருவர் 90 மணி நேரம் ஆபீசில் இருக்க வேண்டுமென்றால் அவர் துணியை இன்னொருவர் துவைத்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டியில் கீரை ஆய்கிற பெண்ணிடம் போய் இன்னும் இரண்டு மணி நேரம் ஆபீசில் இருக்கச் சொன்னால், அவர் எந்த நேரத்தை எடுத்துக் கொடுப்பார்?

தமிழ்நாட்டுக்கு இது புதிய சண்டையும் அல்ல. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் மனிதர்கள் தாங்கக்கூடிய வேலை நேரத்துக்காகவும்தான். சரியாக நூறாவது ஆண்டில், 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன; மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது; மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் அந்த 12 மணி என்னவாகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டிருந்தால், சட்டமன்றத்துக்கு அந்த மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

'நாளைக்கு வாங்க'வின் விலை

அப்படியானால் வண்டி பிடிப்பவர்கள் கட்சிக்கே ஓட்டா? அதுவும் இல்லை. சரியாக வந்து, சரியாகப் போய், நடுவில் ஒன்றும் நடக்காத அலுவலகங்களும் உண்டு. நேரம் தவறாமை ஒழுக்கம். அதுவே வேலை ஆகாது. இந்த மூன்று கட்சிக்கும் வெளியே, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் போய்க் கேட்டால்தான் உண்மை தெரியும்.

பழையனூரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு சான்று வேண்டும், அல்லது பட்டாவில் ஒரு பெயர் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிய அலுவலகம் திருவாலங்காட்டில். தாலுகா ஆபீஸ் திருத்தணியில். அதற்கும்மேல் போனால் கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். இ-சேவையில் பதிவு செய்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கை மாறியாக வேண்டும். எங்கோ ஓரிடத்தில் நின்றுவிட்டால் நேரில் போக வேண்டியதுதான். போனால், "சார் மீட்டிங்ல இருக்கார்." அடுத்த நாள், "சார் கேம்ப்." அதற்கடுத்த நாள், "ஒரிஜினல் கொண்டாந்தீங்களா?" எல்லாவற்றுக்கும் முடிவில் அந்த இரண்டு சொற்கள்: "நாளைக்கு வாங்க."

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். மூன்று முறை அலைந்தால் 1,008 ரூபாய், பஸ் காசு தனி. சொன்னவருக்கு அது இரண்டு சொல். கேட்டவருக்கு மூன்று நாள் கூலி. அந்த எழுத்தர் அன்றைக்கு 9 மணி நேரம் உட்கார்ந்தாரா, 7 மணி நேரமா என்பது இவருக்கு எந்த வகையில் முக்கியம்?

எழுபது பேர் கதையில் வணிகன் தன் கையிலிருந்த வாளைக் கொடுத்துவிட்டுத்தான் வாக்கை வாங்கிக்கொண்டான். கவுன்டரில் நிற்பவரும் அப்படித்தான். கையிலிருக்கும் ஒரே ஆயுதமான மூல ஆவணத்தைக் கொடுத்துவிட்டு, 'நாளைக்கு' என்ற வாக்கோடு வெளியே வருகிறார். அந்த வாக்கில் பெயர் இல்லை, தேதி இல்லை. தவறினால் தீயில் இறங்க வேண்டாம். வருத்தம் தெரிவிக்கக்கூட ஆள் இல்லை.

2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மனுக்களுக்கு 45 நாள்களில் தீர்வு என்று சொல்லப்பட்டது. முகாமைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் 45 என்ற எண் சொல்லப்பட்டதே, அது நல்ல தொடக்கம். எண் இருந்தால் 46ஆம் நாள் கேள்வி கேட்கலாம். 'நாளை' என்ற சொல்லுக்கு 46ஆம் நாள் என்று ஒன்று வருவதே இல்லை.

பழையனூர்க் கோப்பு

பழையனூரைப் பற்றி இன்னொரு கோப்பும் உண்டு. ராஜேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1018ஐ ஒட்டி, பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்தான். அந்த ஆணைதான் 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடு. சோழர் வம்ச வரலாற்றுக்காக அதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நான் அதில் பார்ப்பது ஓர் அலுவலகம் இயங்கும் விதத்தை. அரசன் வாயால் சொன்னது திருமந்திர ஓலைக்காரர் கையால் எழுத்தாகி, ஓலை நாயகங்கள் ஒப்பி, வரித் திணைக்களத்துக்குப் போய், வரிப் புத்தகத்தில் ஏறி, ஊர் எல்லை குறிக்கப்பட்டு, செம்பில் வெட்டப்படுகிறது. யார் எந்தப் பொறுப்பில் இருந்தார், யார் முன்னிலையில் நடந்தது என்று பெயர் பெயராக இருக்கிறது. செம்பில் எழுத்து வெட்டிய கம்மியர் வரை யாரும் விடுபடவில்லை.

ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கோப்பு யார் யார் கைவழியாகப் போனது என்று நம்மால் சொல்ல முடிகிறது. போன மாதம் கொடுத்த மனு இன்று யார் மேசையில் இருக்கிறது என்று அதே ஊர்க்காரரால் சொல்ல முடியவில்லை. சோழர் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தெய்வத்துக்கு ஊர் எழுதிக் கொடுத்த ஆணைக்கு இருந்த மதிப்பு அன்றைய உழவனின் மனுவுக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் செய்தவர் பெயர் வேலையில் இருக்க வேண்டும் என்ற வழக்கம் நமக்கு வெளிநாட்டு மேலாண்மைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதல்ல.

எழுபது பேர் செய்த தவறு

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பழையனூர் எழுபது பேரும் வாக்கைக் காப்பாற்றினார்கள். ஆனால் வாக்குக் கொடுப்பதற்கு முன் விசாரிக்கவில்லை. அழுகையைப் பார்த்தார்கள், முடிவெடுத்தார்கள். தங்களால் காக்க முடியுமா என்று யோசிக்காமல் உயிரைப் பணயம் வைத்தார்கள். நிர்வாகங்கள் இன்று செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு வேறுபாடு, மேலே இருப்பவர் வாக்குக் கொடுக்கிறார், கீழே இருப்பவர் தீயில் இறங்குகிறார். வாடிக்கையாளரிடம் பத்து நாளில் முடிப்பதாகச் சொல்லிவிட்டு வந்து, இருபது நாள் வேலையை இளைஞர் தலையில் கட்டும் கம்பெனியும் அப்படித்தான். காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒரே வருவாய் ஊழியரை முகாமுக்கும் தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் மாற்றி மாற்றி அனுப்பிவிட்டு, 45 நாள் கெடு விதிக்கும் அரசும் அப்படித்தான். பணிச்சுமையைச் சொல்லி வருவாய்த் துறைச் சங்கங்கள் போராடும்போது, 'சம்பளம் வாங்கலையா' என்று கேட்டுவிட்டுப் போவது சுலபம். மூன்று பேர் சீட்டை ஒருவர் பார்க்கும் இடத்தில் 'நாளைக்கு வாங்க' என்பது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, சில நேரம் உண்மை நிலவரமும்கூட.

எனவே வாக்கை அளவுகோலாக்குவது என்றால் ஊழியர் கழுத்தில் கத்தி வைப்பது என்று பொருள் அல்ல. காக்க முடிந்த வாக்கைக் கொடுப்பதும், அதைக் காக்க ஆளும் நேரமும் கொடுப்பதும் சேர்ந்ததுதான் அது. அதற்குச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல.

மனுவை வாங்கும்போது கொடுக்கும் ஒப்புகைச் சீட்டில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: பொறுப்பாளரின் பதவியும், முடிக்கும் தேதியும். தேதி தள்ளினால் மனுதாரர் வருவதற்கு முன்பே கைப்பேசிக்குச் செய்தி போக வேண்டும். நூறு மைல் தள்ளி இருக்கும் பார்சல் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடிகிற நாட்டில் இது முடியாத காரியமா என்ன?

தன்பதிவேட்டின் மாதச் சுருக்கத்தை அலுவலக வாசலில் ஒட்டலாம். எந்தப் பிரிவில் எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, ஒரு மாதத்துக்குமேல் எத்தனை நிற்கிறது என்ற மூன்று எண்கள் போதும். கூடவே அந்தப் பிரிவில் எத்தனை பணியிடம், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவிட்டால் குறை ஊழியரிடமா அரசிடமா என்று மக்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, மாலை நேரத்தை விட்டுவிடுவது. ஐந்து மணிக்குமேல் ஆளைக் கூப்பிடும் அதிகாரிகள் காலை பத்தரைக்குக் கூப்பிடட்டும். வேலையை முடித்துவிட்டு வண்டி பிடிப்பவரைக் குற்றவாளிபோல் பார்ப்பதை நிறுத்தினால், விளக்கு அணைப்பவரும் நான்கு நாளில் காலையிலேயே கோப்பைப் பிரிக்கப் பழகிவிடுவார். கண்ணில் படுவதற்காக உட்கார்ந்திருந்தவருக்குப் பார்க்க ஆள் இல்லையென்றால் உட்கார்ந்திருக்கக் காரணம் இல்லை.

திருவாலங்காட்டில் சிவன் காளியோடு ஆடிய போட்டியைப் பற்றித் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். அடிக்கு அடி இருவரும் ஈடுகொடுத்து ஆடினார்கள். அந்த ஆட்டம் யார் அதிக நேரம் ஆடினார்கள் என்பதில் முடியவில்லை. விழுந்த குழையைக் காலால் எடுத்துக் காதில் மாட்டிய அந்த ஒரு அசைவில் முடிந்தது. ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை எழுந்தது அதன் நினைவில். நேரத்தை எண்ணிக்கொண்டு யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் அவர் கணக்கில் இருவரும் சமம்.

இனி ஒரு காட்சியை மட்டும் நினைத்துப் பார்க்கிறேன். பழையனூர்க்காரர் திருத்தணியிலிருந்து வண்டியில் திரும்புகிறார். சட்டைப் பையில் ஒரு சீட்டு. அதில் ஒரு பதவி, ஒரு தேதி. அவருக்கு எதிர் இருக்கையில், அதே தாலுகா ஆபீசிலிருந்து 5.45க்குக் கிளம்பிய பெண் கீரையை ஆய்ந்துகொண்டிருக்கிறார். சீட்டில் இருக்கும் பதவி அவருடையதுதான். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, தெரியவும் வேண்டாம். சொன்ன தேதிக்கு முந்தைய நாள் அந்தக் கோப்பு முடிந்துவிட்டால், பழையனூர்க்காரர் இன்னொரு முறை திருத்தணிக்கு வண்டி ஏற வேண்டியிருக்காது. அன்றைக்கும் அந்தப் பெண் இதே வண்டியில்தான் வீட்டுக்குப் போவார்.